மத அடிப்படைவாதம் என்றால் என்ன, அது எங்கிருந்து வந்தது?

கல்யாண வீட்டுப் பந்தியில், டீக்கடை பெஞ்சில், ராத்திரி டிவி விவாதத்தில் என்று எங்கே போனாலும் ‘அடிப்படைவாதி’ என்ற சொல் காதில் விழுகிறது. நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு பிரதோஷம் தவறாமல் கோயிலுக்குப் போகிற பெரியவரையும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஐந்து வேளையும் தொழுகிற கடைக்காரரையும் அப்படித்தான் சொல்கிறார்கள், குண்டு வைத்தவனையும் அதே சொல்லால்தான் சொல்கிறார்கள். மூன்று பேருக்கும் ஒரே பெயர் என்றால் அந்தப் பெயரால் யாருக்கு என்ன பயன்? சாமி கும்பிடுகிற நல்ல மனிதர்கள் மேல் வீண்பழி விழுகிறது, கவனிக்க வேண்டிய ஆள் கூட்டத்தோடு கூட்டமாக நழுவிவிடுகிறான். இந்தக் குழப்பம் எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

பலர் மனதில் இருக்கிற கணக்கு இதுதான்: பக்தி என்பது சாம்பாரில் போடுகிற உப்பு மாதிரி, அளவாக இருந்தால் பக்தி, கூடிப்போனால் அடிப்படைவாதம். இந்தக் கணக்கு தப்பு. எவ்வளவு உப்பைக் கொட்டினாலும் சாம்பார் ரசமாகிவிடாது. அடிப்படைவாதம் தனிச் சரக்கு. அதற்கு வயதும் அதிகமில்லை, நூறு வருஷத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

## பாட்டியின் புரட்டாசிச் சனி

என் பாட்டி புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விரதம் இருப்பார். காலையில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது, மாவிளக்கு ஏற்றி, தளிகை போட்டு, காக்காவுக்கு வைத்த பிறகுதான் சாப்பாடு. ஆனால் புரட்டாசி என்பது சம்பா நடவு நடக்கிற மாதம். நடவு ஒரு சனிக்கிழமையில் விழுந்தால் பாட்டி விடியற்காலையிலேயே பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு வயலுக்குப் போய்விடுவார். கேட்டால், “பெருமாளுக்குத் தெரியாதா இன்னிக்கு நடவுன்னு?” என்பார். எனக்குச் சின்ன வயதில் காய்ச்சல் விடாமல் அடித்தபோது அதே பாட்டிதான் நாகூர் ஆண்டவருக்கு முடிந்துவைத்த காசை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். தர்காவில் மயிலிறகால் என் தலையைத் தடவி ஓதியது இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

இப்போது ஒரு இளைஞன் கையில் அச்சடித்த புத்தகத்தோடு வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரதத்தன்று பழைய சோறு குடிக்கலாம் என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது, நாகூருக்குப் போகலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்கிறான். பாட்டிக்கு அந்தக் கேள்வியே புரியாது. அவருக்கு மதம் என்பது அவருடைய அம்மா கையிலிருந்து வந்தது. கூடவே வயலும், மழையும், பிள்ளைகளின் காய்ச்சலும் சேர்ந்துதான் அது வந்தது. எதை எப்போது விட்டுக்கொடுக்கலாம் என்பதும் அந்த மதத்துக்குள்ளேயே இருந்தது. இதைத்தான் மரபு என்கிறோம்: எழுதிவைக்காமல், பழகிப் பழகி அடுத்த தலைமுறைக்குப் போகிற வழக்கம்.

சரி, அந்த இளைஞன் அடிப்படைவாதியா? இன்னும் இல்லை. புத்தகத்தைப் படித்துவிட்டு “மூலத்துக்குத் திரும்புவோம்” என்று சொல்கிற சீர்திருத்தக்காரர்கள் எல்லா மதத்திலும் உண்டு. 1875-இல் பம்பாயில் ஆரிய சமாஜத்தைத் தொடங்கிய தயானந்த சரஸ்வதி வேதங்களில் பிழையே கிடையாது என்றார், சிலை வழிபாடு வேண்டாம் என்றார். அதை ஏற்பதும் விடுவதும் கேட்பவர் பாடு. கதை மாறுகிற இடம் அடுத்த படியில் இருக்கிறது. அந்த இளைஞன், “பாட்டி சொன்னால் கேட்க மாட்டார், ஆகவே சட்டம் போடுங்கள், பள்ளிக்கூடத்தில் என் புத்தகத்தைத்தான் நடத்த வேண்டும், மீறினால் தண்டனை கொடுங்கள்” என்று அரசாங்கத்தின் கதவைத் தட்டும்போது அவன் அரசியலுக்குள் வந்துவிட்டான்.

இங்கே ஒரு வரையறை சொல்லிவிடுகிறேன். ஒரு மதத்தின் பரந்த மரபிலிருந்து சில கொள்கைகளை மட்டும் பொறுக்கி எடுத்து, இவைதான் அடிப்படை, இவற்றில் பிழையே இருக்க முடியாது, நாட்டின் சட்டமும் கல்வியும் குடும்பமும் இவற்றின்படிதான் நடக்க வேண்டும் என்று கோருகிற அரசியல் சித்தாந்தம்தான் அடிப்படைவாதம். சித்தாந்தம் என்றதும் சைவ சித்தாந்தம் நினைவுக்கு வரலாம், நான் சொல்வது அது இல்லை. சமூகம் எப்படி இருக்க வேண்டும், அதிகாரம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்கான ஒரு முழுத் திட்டத்தைத்தான் இங்கே சித்தாந்தம் என்கிறேன்.

இதுவரை பார்த்தது: பாட்டியிடம் இருப்பது மரபு. புத்தகத்தோடு வந்த இளைஞனிடம் முதலில் இருந்தது சீர்திருத்த ஆசை. பொறுக்கி எடுத்த சில கொள்கைகளை அரசின் கையால் எல்லோர் மேலும் சுமத்தக் கிளம்பும்போதுதான் அது அடிப்படைவாதம் ஆகிறது.

## சொல் பிறந்தது அமெரிக்காவில்

இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு மேற்கு ஆசியாதான் மனதில் வரும். சொல் பிறந்தது அமெரிக்காவில், புரொட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் நடுவில். தங்களை அப்படி அழைத்துக்கொண்டதும் அவர்களேதான், அதுவும் பெருமையாக.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களுக்கு இரண்டு பக்கமும் இடி. 1859-இல் டார்வின் உயிர்களின் தோற்றம் பற்றி எழுதிய நூல் வந்தது. இன்னொரு பக்கம் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் பைபிளை ஒரு பழைய ஏடு போல எடுத்துவைத்து, இந்தப் பகுதியை யார் எழுதினார், எந்தக் காலத்தில், எத்தனை கைகள் பட்டிருக்கின்றன என்று ஆராய்ந்தார்கள். நம் ஊரில் ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்ப்பார்களே, கிட்டத்தட்ட அந்த வேலை. இந்த ஆராய்ச்சியை ஏற்றுக்கொண்டு மதத்தைப் புதிதாக விளக்கிய போதகர்களுக்கு நவீனவாதிகள் என்று பெயர் வந்தது. அதைப் பார்த்துப் பயந்தவர்கள், எதை விட்டாலும் எதை விடக்கூடாது என்று பட்டியல் போட ஆரம்பித்தார்கள். பட்டியலின் தலைப்பில் இருந்தது பிழையின்மை, அதாவது வேதநூலின் எந்தச் சொல்லிலும் தவறு இருக்க முடியாது என்ற கொள்கை.

அப்புறம் பணம் வந்தது. கலிஃபோர்னியாவின் யூனியன் ஆயில் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான லைமன் ஸ்டூவர்ட் என்ற எண்ணெய் முதலாளி, தன் சகோதரரோடு சேர்ந்து செலவை ஏற்க, 1910 முதல் 1915 வரை ‘தி ஃபண்டமெண்டல்ஸ்’, அதாவது ‘அடிப்படைகள்’ என்ற பெயரில் 12 தொகுதிகள், 90 கட்டுரைகள் அச்சாகின. சுமார் 30 லட்சம் பிரதிகள் போதகர்களுக்கும் மிஷனரிகளுக்கும் இலவசமாகத் தபாலில் போயின. 1920-இல் கர்ட்டிஸ் லீ லாஸ் என்ற பாப்டிஸ்ட் பத்திரிகை ஆசிரியர், இந்த அடிப்படைகளுக்காகச் சண்டைக்கு நிற்கத் தயாரானவர்களை ‘ஃபண்டமெண்டலிஸ்ட்’ என்று அழைக்கலாம் என்று எழுதினார். ‘அடிப்படைவாதி’ என்று நாம் சொல்வது அந்தச் சொல்லின் நேர் தமிழ்தான்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம் ஒன்று உண்டு. அந்தத் தொகுதிகளில் எழுதியவர்களில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஓர் போன்றவர்கள் பரிணாமக் கொள்கையை ஓரளவு ஏற்றவர்கள். 1910 வாக்கில் ‘அடிப்படைகள்’ பக்கம் நின்ற ஒருவர் அப்படி இருக்க முடிந்தது. பதினைந்து வருஷத்துக்குள் அதே முகாம் பரிணாமத்தைப் பள்ளியிலிருந்தே துரத்தச் சட்டம் கேட்டது. என்றென்றைக்கும் மாறாதது என்று சொல்லப்படுகிற பட்டியல், உண்மையில் அவ்வப்போதைய சண்டைக்குத் தக்கபடி மாறிக்கொண்டே இருக்கிறது.

## டேட்டன் வழக்கு

1925 மார்ச்சில் டென்னசி மாநிலம் ஒரு சட்டம் போட்டது: அரசுப் பள்ளிகளில் மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து வந்தான் என்று நடத்தக்கூடாது. டேட்டன் என்ற சிற்றூரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியர், சட்டத்தைச் சோதித்துப் பார்ப்பதற்காகவே குற்றவாளிக் கூண்டில் நிற்க ஒப்புக்கொண்டார். ஜூலை மாதம், நல்ல வெயில். சிகாகோ வானொலி விசாரணையை நேரடியாக ஒலிபரப்பியது. சட்டத்தின் பக்கம் வாதாட வந்தவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், ஜனநாயகக் கட்சியின் சார்பில் மூன்று முறை குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றவர். எதிர்ப்பக்கம் கிளாரன்ஸ் டாரோ, அந்தக் காலத்தின் பேர்பெற்ற வக்கீல்.

கூட்டம் தாங்காமல் விசாரணையை நீதிமன்றத்துக்கு வெளியே புல்தரைக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே டாரோ, பிரையனையே சாட்சியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். பைபிளில் வருகிற மாதிரி யோனாவை மீன் விழுங்கியது நிஜமா, யோசுவாவுக்காகச் சூரியன் நின்றதா என்று ஒவ்வொன்றாக. உலகம் படைக்கப்பட்ட அந்த ஆறு நாட்களும் 24 மணி நேர நாட்கள்தானா என்று வந்தபோது, அப்படி இருக்க வேண்டும் என்று தான் நினைக்கவில்லை, ஒவ்வொரு நாளும் நீண்ட காலமாக இருக்கலாம் என்றார் பிரையன். அந்த ஒரு பதிலில், பைபிளைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுக்கிறவர் என்று எல்லோரும் நினைத்த மனிதரும் விளக்கம் சொல்லித்தான் படிக்கிறார் என்பது வெளியே வந்துவிட்டது. ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள், 1927-இல் மேல்நீதிமன்றம் நடைமுறைக் காரணம் காட்டி அதை ரத்து செய்தது. பிரையன் வழக்கு முடிந்த ஐந்தாம் நாள் டேட்டனிலேயே இறந்துபோனார்.

பிரையனை முட்டாள் என்று ஒதுக்குவது எளிது, நிறையப் பேர் அதைத்தான் செய்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் ஏழை விவசாயிகளுக்காக வாழ்நாள் முழுக்கப் பேசியவர். வலியது வாழும் என்ற பேச்சு, ஏழையை நசுக்கவும் போரை நியாயப்படுத்தவும் பயன்படுகிறது என்பதுதான் அவருடைய பயம். அந்தப் பயம் வெறும் கற்பனையும் இல்லை. வழக்குக்குக் காரணமான உயிரியல் பாடநூலே மனித இனங்களை வரிசைப்படுத்தி, வெள்ளையரை உச்சியில் உட்காரவைத்திருந்தது. அடிப்படைவாதத்தின் வேரில் பல சமயம் இப்படி ஒரு நிஜமான காயம் இருக்கும். அதற்கு அது தருகிற மருந்துதான் தவறு. பாடநூலைத் திருத்தச் சொல்லியிருக்கலாம், ஒரு அறிவுத்துறைக்கே போலீசை வைத்துத் தடை போட்டார்கள். அந்தச் சட்டம் நீங்க 1967 ஆனது.

## ஒதுங்கியவர்கள் திரும்பி வந்தது

டேட்டனில் நாடு சிரித்ததும் அடிப்படைவாதிகள் பொது அரசியலிலிருந்து பெரும்பாலும் ஒதுங்கினார்கள். சொந்தக் கல்லூரிகள், சொந்த வானொலி, பிறகு சொந்த டிவி நிகழ்ச்சிகள் என்று தனி உலகம் கட்டிக்கொண்டார்கள். வர்ஜீனியாவின் ஜெர்ரி ஃபால்வெல் என்ற போதகர், 1965-இல் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது, போதகரின் வேலை ஆன்மாவைக் காப்பாற்றுவது, அரசியல் செய்வது அவர் வேலையில்லை என்று பிரசங்கம் செய்தார். அதே ஃபால்வெல் 1979-இல் ‘மாரல் மெஜாரிட்டி’ என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கி, அடுத்த ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற ரீகனுக்காக வேலை பார்த்தார்.

இடையில் என்ன நடந்தது? அரசு அவர்கள் உலகத்துக்குள் நுழைந்தது. 1962, 1963 தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம் அரசுப் பள்ளிகளில் நடத்தப்பட்ட ஜெபத்தையும் பைபிள் வாசிப்பையும் நிறுத்தியது. எழுபதுகளில், கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்காத தனியார் பள்ளிகளின் வரிச்சலுகையை வரித்துறை பிடுங்கத் தொடங்கியது. 1973-இல் கருக்கலைப்பை உரிமையாக ஏற்ற தீர்ப்பு வந்தது. இன்றைக்குக் கருக்கலைப்பு எதிர்ப்புதான் அந்த முகாமின் உயிர்மூச்சு என்று நினைக்கிறோம். ஆனால் 1971-இல் ‘தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு’ என்ற பெரிய புரொட்டஸ்டன்ட் சபை, வன்புணர்ச்சி, தாயின் உடல்நலம், மனநலம் போன்ற காரணங்களுக்காகக் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறது. பத்து வருஷத்தில் அதே பக்கத்தில் அது மன்னிக்கவே முடியாத பாவமாக மாறிவிட்டது. பட்டியல் மாறும் என்று சொன்னேனே, அதற்கு இன்னொரு சான்று.

சுருக்கமாக: பைபிளுக்கு ஈராயிரம் வருஷ வயது இருக்கலாம், அமெரிக்க அடிப்படைவாதம் 1910-க்குப் பிறகு வந்தது. அதற்குப் பின்னால் எண்ணெய்ப் பணமும், அச்சகமும், வானொலியும், நீதிமன்றத் தீர்ப்புகளும் இருக்கின்றன.

## ஏன் பழைய காலத்தில் இது இல்லை?

மதச்சண்டை பழைய காலத்திலும் உண்டு, கொடுமையும் உண்டு. ஆனால் ஒரு சோழ ராஜாவோ மொகலாய பாதுஷாவோ கிராமத்துப் பிள்ளை காலை ஒன்பது மணிக்கு எந்தப் பாடம் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தது கிடையாது. யார் யாரைக் கட்டிக்கொள்ளலாம், சொத்து யாருக்கு என்பதை எல்லாம் ஊரும் சாதியும் ஜமாத்தும் பார்த்துக்கொண்டன. வரியைக் கட்டினால் ராஜா தன் வேலையைப் பார்ப்பார்.

நவீன அரசு அப்படி இல்லை. அது பள்ளிக்கூடம் நடத்துகிறது, திருமணத்தைப் பதிவு செய்கிறது, வாரிசுச் சட்டம் போடுகிறது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வாசலில் நின்று உன் மதம் எது என்று கேட்டு ஒரே ஒரு கட்டத்தை நிரப்புகிறது. மதம் பார்த்துக்கொண்டிருந்த வேலைகள் ஒவ்வொன்றாக அரசின் கைக்குப் போயின. அப்போது சிலருக்குத் தோன்றியது: எல்லாச் சாவியும் ஒரே வளையத்தில் தொங்குகிறது என்றால், அந்த வளையத்தையே கைப்பற்ற வேண்டியதுதானே? அடிப்படைவாதம் இயங்கும் விதத்தின் மையம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

கூடவே எழுத்தறிவும் அச்சும் வந்தன. குருவிடம் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து, ஒரே வரிக்கு எத்தனை உரைகள் இருக்கின்றன என்று தெரிந்துகொண்ட பண்டிதர் தயங்கித் தயங்கித்தான் பேசுவார். மலிவுப் பதிப்பை வாங்கித் தானே படித்தவருக்கு அந்தத் தயக்கம் இருக்காது. எகிப்தில் 1928-இல் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பைத் தொடங்கிய ஹசன் அல்-பன்னா ஒரு பள்ளி ஆசிரியர். தொடங்கிய இடம் இஸ்மாயிலியா, சூயஸ் கால்வாய்க் கம்பெனியின் ஊர். வெளிநாட்டுக்காரர்கள் நல்ல பங்களாக்களிலும் எகிப்தியக் கூலிகள் குடிசைகளிலும் வாழ்ந்த இடம். அவமானமும் அச்சடித்த புத்தகமும் ஒரே தெருவில் சந்தித்துக்கொண்டன.

## வகுப்புவாதம் வேறு

நம் பக்கத்தில் அதிகமாகக் குழம்புகிற இடம் இது, அதனால் தனியாகச் சொல்கிறேன். வகுப்புவாதம் என்பது ஒரே மதத்தில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே அரசியல் நலன்தான், மற்ற மதத்தவர் அதற்குப் போட்டியாளர்கள் என்ற எண்ணம். அதற்குப் பக்தி தேவையே இல்லை. 1923-இல் இந்துத்துவம் பற்றி எழுதிய சாவர்க்கர், யார் இந்து என்பதைப் பிறந்த மண், புனித மண் என்ற அளவுகோலால் வரையறுத்தார். சடங்குகளில் அவருக்கு நாட்டமில்லை, பசு வழிபாட்டை ஏற்காதவர். பாகிஸ்தானைக் கேட்டு வாங்கிய ஜின்னாவும் மதச் சடங்குகளில் ஊறியவர் இல்லை. அதே நேரத்தில், 1941-இல் லாகூரில் ஜமாத்-இ-இஸ்லாமியைத் தொடங்கிய பத்திரிகையாளர் மௌதூதி, ஆட்சி இறைவன் சட்டப்படி நடக்க வேண்டும் என்றவர், ஜின்னாவின் முஸ்லிம் லீக் கட்சியை ஏற்காதவர். அவர் கண்ணில் அது முஸ்லிம்களின் நாட்டைக் கேட்டது, இஸ்லாமிய ஆட்சியைக் கேட்கவில்லை. ஜின்னாவுக்கும் மௌதூதிக்கும் உள்ள இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இலங்கையும் அப்படித்தான். 1956-இல் பிக்குகள் தெருவில் இறங்கி ‘சிங்களம் மட்டும்’ சட்டத்துக்காகவும் பௌத்தத்தின் முதலிடத்துக்காகவும் வேலை செய்தார்கள். நாடு விநய பிடகத்தின்படி, அதாவது பிக்குகளுக்கான ஒழுக்க விதி நூலின்படி, ஆளப்பட வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டது சிங்கள பௌத்தர்களுக்கு முதல் இடம், விலை கொடுத்தது தமிழர்கள். அது மதத் தேசியவாதம். 1959-இல் பிரதமர் பண்டாரநாயக்காவைச் சுட்டுக் கொன்றவர் ஒரு பிக்கு என்பதால் மட்டும் அது அடிப்படைவாதம் ஆகிவிடாது. நடைமுறையில் இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும், ஜின்னாவின் பாகிஸ்தானில் ராணுவ ஆட்சியாளர் ஜியா-உல்-ஹக் 1979-இல் ஹுதூத் எனும் இஸ்லாமியத் தண்டனைச் சட்டங்களைக் கொண்டுவந்தபோது அப்படித்தான் கலந்தது. கலக்கிறது என்பதற்காக இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் எதற்கு என்ன மருந்து என்று தெரியாமல் போய்விடும்.

## ஈரான்: காவலர் ஆட்சி

அடிப்படைவாதம் முழு அதிகாரத்தையும் பிடித்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஈரானைப் போல இன்னொரு பாடம் கிடையாது.

ஈரானியர்களில் பெரும்பாலோர் ஷியா முஸ்லிம்கள். அவர்கள் நம்பிக்கைப்படி பன்னிரண்டாவது இமாம் ஒன்பதாம் நூற்றாண்டில் மறைந்துவிட்டார், ஒரு நாள் திரும்பி வருவார். அதுவரை பூமியில் குறையில்லாத ஆட்சி இருக்க முடியாது என்பதால் மார்க்க அறிஞர்களில் பலர் அரியணையிலிருந்து தள்ளியே நின்றார்கள். ராஜா தப்புச் செய்தால் கண்டிப்பார்கள், தாங்களே ராஜாவாக வேண்டும் என்று கேட்டதில்லை.

இருபதாம் நூற்றாண்டு அந்த மக்கள் மேல் அடுக்கடுக்காக இறங்கியது. 1936-இல் மன்னர் ரேசா ஷா முக்காடு போடக்கூடாது என்று உத்தரவிட, போலீசார் தெருவில் பெண்களின் தலைத்துணியைப் பிடுங்கினார்கள். 1953-இல் எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதேக்கை அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து கவிழ்த்தன. அடுத்த ஷாவின் ரகசியப் போலீஸ் கட்சிகளையும் சங்கங்களையும் நசுக்கியது. கிராமத்திலிருந்து தெஹ்ரானின் ஓரங்களில் வந்து குவிந்தவர்களுக்குக் கூடிப் பேச மசூதி ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

ஷாவை எதிர்த்ததற்காக 1964-இல் நாடு கடத்தப்பட்ட ஆயத்துல்லா (மூத்த ஷியா மார்க்க அறிஞருக்கான பட்டம்) கொமேனி, 1970-இல் ஈராக்கின் நஜஃப் நகரில் மாணவர்களுக்குச் சில உரைகள் நிகழ்த்தினார். அதில்தான் அவருடைய புதுமை இருக்கிறது. ஷியா சட்டத்தில் ‘விலாயத்’ என்று ஒன்று உண்டு, காவல் பொறுப்பு என்று பொருள். அப்பா இல்லாத சின்னப் பிள்ளையின் சொத்தைப் பார்த்துக்கொள்ள நம் நீதிமன்றம் ஒரு கார்டியனை நியமிக்குமே, அதே மாதிரி அனாதைகள், மனநிலை சரியில்லாதவர்கள் போன்றோருக்கு மார்க்கச் சட்ட அறிஞர் காவலர். பெரும்பாலான அறிஞர்கள் அதை அந்த அளவில்தான் வைத்திருந்தார்கள். கொமேனி அதை எடுத்து நாடு முழுவதற்கும் விரித்தார்: ஒரு தேசத்தின் காவலருக்கும் ஒரு சிறுவனின் காவலருக்கும் பொறுப்பில் வித்தியாசமில்லை. அதாவது ஓட்டுப் போடுகிற வயதுவந்த மக்கள் எல்லோரும் அந்தச் சிறுவன் இடத்தில். இதுதான் காவலர் ஆட்சி. மூத்த ஆயத்துல்லாக்களில் பலர் இதை ஏற்கவில்லை. நஜஃபில் கோயி, ஈரானின் கோம் நகரில் ஷரியத்மதாரி, இவர்கள் யாரும் பக்தியில் குறைந்தவர்கள் இல்லை.

1978-இல் பாரிஸ் அருகே ஒரு கிராமத்திலிருந்து கொமேனி பேசியது தொலைபேசி வழியாக ஈரானுக்குப் போய், கேசட்டில் பதிவாகி, கடைகளிலும் மசூதிகளிலும் கைமாறியது. 1979 பிப்ரவரி 1 அன்று அவர் திரும்பினார். அந்த ஜூனில் வெளியான அரசியலமைப்பின் முதல் வரைவில் காவலர் ஆட்சி என்ற சொல்லே கிடையாது! வரைவை இறுதி செய்ய வல்லுநர் சபை கூடிய பிறகுதான் அது உள்ளே வந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் சட்டமானது. இடதுசாரிகள், தேசியவாதிகள், பெண்கள் என்று எத்தனையோ பேர் சேர்ந்து நடத்திய புரட்சியின் சாவி ஒரே கைக்குப் போனது.

பத்து வருஷம் ஆளவேண்டி வந்தபோது இன்னொன்று நடந்தது. தொழிலாளர் சட்டம், நிலச் சட்டம் என்று எதைப் போட்டாலும், இது ஷரியத்துக்குச் சரிவராது என்று சட்டங்களைச் சரிபார்க்கிற காவல் மன்றத்து அறிஞர்கள் தடுத்தார்கள். 1988 ஜனவரியில், அப்போது குடியரசுத் தலைவராக இருந்த காமெனி, அரசு மார்க்கத்தின் வரம்புக்குள்தான் செயல்பட முடியும் என்கிற மாதிரி ஒரு வெள்ளிக்கிழமை உரையில் பேசினார். கொமேனி அவரைத் திருத்திக் கடிதம் எழுதினார்: இஸ்லாமிய அரசு தொழுகை, நோன்பு, ஹஜ் இவற்றுக்கும் முந்தியது, தேவைப்பட்டால் அரசு ஹஜ்ஜையே தற்காலிகமாக நிறுத்தலாம். இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மதத்தைக் காப்பாற்றத்தான் அதிகாரம் வேண்டும் என்று தொடங்கிய பயணம், அதிகாரத்துக்காக மதத்தின் கடமைகளையே தள்ளிவைக்கலாம் என்று வந்து நின்றது.

ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1979-இல் அந்த வல்லுநர் சபைக்குத் தலைமை தாங்கி, காவலர் ஆட்சியை அரசியலமைப்பில் ஏற்றியவர் ஆயத்துல்லா மொந்தசெரி. 1985-இல் கொமேனிக்கு அடுத்த வாரிசாக அறிவிக்கப்பட்டவரும் அவரே. 1981-இல் தெஹ்ரானில் நடந்த குண்டுவெடிப்பில் அவருடைய மகன் இறந்தார், முஜாஹிதீன் என்ற எதிர்ப்பு அமைப்பைத்தான் அரசு குற்றம் சாட்டியது. 1988 கோடையில் அந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள் உட்பட ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகளைச் சிறைக்குள்ளேயே தூக்கில் போட்டார்கள். மகனைப் பறிகொடுத்த அந்த அப்பாதான் எதிர்த்துக் கடிதம் எழுதினார். 1989 மார்ச்சில் வாரிசு பதவி போனது. 1997-இல், கொமேனிக்குப் பிறகு உச்சத் தலைவரான காமெனியை விமர்சித்ததற்காக ஐந்து வருஷத்துக்கு மேல் கோம் நகரில் தன் வீட்டிலேயே அடைபட்டுக் கிடந்தார். 2009 டிசம்பரில் இறந்தார்.

2016-இல் அவருடைய இன்னொரு மகன் ஒரு ஒலிப்பதிவை வெளியிட்டார். 1988 ஆகஸ்டில், தூக்குத் தண்டனைகளை முடிவு செய்துகொண்டிருந்த அதிகாரிகளை எதிரே உட்காரவைத்து மொந்தசெரி பேசியது அதில் இருக்கிறது. புரட்சி தொடங்கியதிலிருந்து இந்தக் குடியரசில் நடந்த மிகப் பெரிய குற்றம் இதுதான், இதைச் செய்தது நீங்கள், வரலாறு உங்கள் பெயர்களைக் குற்றவாளிகள் என்று எழுதும் என்கிறார் அந்த முதியவர். ஒலிப்பதிவை வெளியிட்ட மகனுக்குச் சிறைத்தண்டனை விதித்தார்கள்.